கோணல் முத்தின் பெயர்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் எழுவது மீன் ஏலத்தின் குரல். 'ஏலம்' போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழ் ஏற்ற சொல். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் வழங்கும் சாவி, சன்னல், அலமாரி, மேசை என்பனவும் அவ்வழி வந்தனவே. இவை யாவும் பெயர்ச்சொற்கள். பண்டம் வரும்போது பெயரும் உடன்வரும். பண்பைச் சுட்டும் பெயரடை அவ்வளவு எளிதில் கடல் கடப்பதில்லை. பல மொழிகளைச் சுற்றித் தமிழுக்கு வந்து சேர்ந்த அத்தகைய பெயரடை ஒன்றுண்டு. அது 'பரோக்' என்பதாகும்.

ஸ்பானியம், போர்த்துக்கீசியம் இரண்டிலும் 'பரோக்கோ' இன்று 'அணிமிகுந்த' என்னும் பொருளது. அதன் மூலம், உருண்டையாக அமையாத முத்தைச் சுட்டிய போர்த்துக்கீசியச் சொல் என்பது பெருவழக்கான கருத்து. இடைக்காலத் தருக்க நூலின் ஒரு குறியீட்டுச் சொல்லே மூலம் என்பாரும் உளர். போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் அச்சொல்லை முத்துக்கே ஆண்டார். 1694இல் வெளிவந்த பிரெஞ்சுக் கழக அகராதியும் முத்துக்கு மட்டுமே உரியதாக அதனைக் குறித்தது. 1740ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஒழுங்கற்றது, விந்தையானது' என்னும் பொருள் சேர்ந்தது. 1888இல் ஹைன்ரிக் வுல்ஃப்லின் எழுதிய நூலுக்குப் பின், பழிச்சொல்லாக இருந்தது ஒரு கலைக்காலத்தின் பெயராக நிலைபெற்றது.

இனித் தமிழகத்தை நோக்குவோம். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இறைத்திருமேனிகளுக்கு அளித்த அணிகலன்களில் கோத்த முத்துகளை வகைபிரித்துக் கூறுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்பவற்றோடு கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனக் குறையுடையனவும் தனித்தனிப் பெயர் பெறுகின்றன. ஓர்த்தாவின் நூலுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுந்த வழக்கு இது. போர்த்துக்கீசியர் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழர் பல சொற்களாகப் பகுத்துக் கண்டனர்.

எனினும் இன்று நகைக்கடையில் கேட்பது 'பரோக் முத்து' என்பதே. கடன்கொள்வது இழிவன்று, ஏலமும் சாவியும் இன்று தமிழே. ஆயின் இல்லாத சொல்லைக் கடன்கொள்வது வேறு. இருந்த சொல்லை மறந்து கடன்கொள்வது வேறு. கறடும் சப்பத்தியும் கல்லில் உறங்குகின்றன. அவற்றை மீண்டும் நாவில் வைக்கும் உரிமையும் கடமையும் கவிஞர்க்கே உண்டு. கோணல் முத்தையும் ஒதுக்காது, பெயரிட்டு, எடை குறித்து, இறைவன் அணியில் கோத்த மொழி இது.