பொட்டுக்கட்டு முறையும் புதுக்கோட்டையும்

கோயில் பணிக்குப் பெண்களை நியமிக்கும் வழக்கம் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்ததை அக்கோயில் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் சிறுமிக்குக் கோயிலில் பொட்டுக் கட்டி, அவளை இறைவனின் மனைவியாகக் கருதுவது வழக்கமாயிற்று. தீப ஆராதனையும் சதிர் ஆட்டமும் அவர்கள் பணி, மானிய நிலம் அதற்கு ஊதியம். சொத்து பெண்வழியில் இறங்கியது. பிறரைப் போல் மணம் செய்துகொள்ள இயலாததால், செல்வர் ஒருவரின் ஆதரவில் வாழ்வது பெரும்பாலோரின் நிலையானது.

இம்முறையைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்ற முத்துலட்சுமி ரெட்டி, 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள், இப்பெண்கள் வந்த இசை வேளாளர் மரபினர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். அக்கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பொருட்படுத்தவில்லை. 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி, 1926-ல் சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினரானார். 1927-ல் பொட்டுக்கட்டை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 'ஸ்திரீ தர்மம்' இதழின் ஆசிரியராகவும் பெண்கள் உரிமைக்காகத் தொடர்ந்து வாதாடினார்.

இம்முயற்சியால் 1929-ல் நிறைவேறிய சட்டம் வழக்கத்தின் பொருளாதார வேரைத் தொட்டது. பணி செய்தால்தான் நிலம் என்ற நிபந்தனையை நீக்கி, மானியம் பெற்ற பெண்களுக்கே அதை உரிமையாக்க வழி செய்தது.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. புதுக்கோட்டைச் சீமையின் திருமயத்தில் பிறந்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி சமய மரபின் பெயரால் எதிர்த்தார். பொட்டுக்கட்டு மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான கலைஞர்கள், தம் குலம் முழுவதையும் விபசாரத்தோடு சேர்த்துப் பேசுவது அநீதி என்றனர். சட்டம் தங்கள் கலையையும் சொத்துரிமையையும் அழித்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசினார். தம் அனுபவத்தை 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலாக்கினார். பொட்டுக்கட்டைக் குற்றமாக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது.

முத்துலட்சுமியின் சொந்த ஊருக்கு மாகாணச் சட்டம் செல்லவில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானம். அச்சமஸ்தானத்தின் விராலிமலை முருகன் கோயிலில் சதிர் தொடர்ந்தது. அங்கு ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், மலைப் படிகளேறி ஆடியும் பாடியும் பணி செய்த 32 பெண்களில் ஒருவர்.

இதற்கிடையே 1930-களில் சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் சென்னை சபா மேடைகளில் ஏறியது. 1935-ல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடிய பின் மேல்சாதிக் குடும்பப் பெண்களும் கற்கத் தொடங்கினர். கட்டாயத்திலிருந்து பெண்களை விடுவித்தது சட்டத்தின் பெரும் சாதனை. ஆனால் கலையைக் காத்துவந்த குடும்பங்களுக்குப் புதிய மேடையில் உரிய இடம் கிடைக்கவில்லை. விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது 2022-ல், ஒழிப்புச் சட்டம் வந்து 75 ஆண்டுகள் கழித்து.