ஆய்வகத்திலிருந்து நாவலுக்கு: கார்ல் ஜெராசியின் பிற்கால எழுத்து வாழ்க்கை

1. முன்னுரை

வேதியியலாளர் கார்ல் ஜெராசி (1923–2015) 1951இல் மெக்சிகோ நகரில் நோரெதிஸ்டெரோன் என்னும் செயற்கை ஹார்மோனை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர். கருத்தடை மாத்திரை பிறக்க வழிவகுத்த சேர்மங்களுள் அது ஒன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் (1973) அவர் பெயரில் உள்ளன. இத்தகைய ஒருவர் அறுபதை நெருங்கும்போது கவிதை எழுதத் தொடங்கினார். அறுபதுகளின் நடுவில் முதல் நாவலை வெளியிட்டார். எழுபதைக் கடந்தபின் நாடகாசிரியர் ஆனார்.

இதை ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவருடைய படைப்புகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரை என்ற வடிவத்துக்குள் இடம்பெற முடியாத செய்திகள் நாற்பது ஆண்டுகளாக அவரிடம் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றைச் சொல்லப் புனைகதை தேவைப்பட்டது. வயதும் நிலைபெற்ற பெயரும் இருந்ததால்தான் அவற்றைத் துணிந்து சொல்லவும் முடிந்தது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. அவருக்கு முன் எழுதியவர்கள்

அறிவியலாளர்கள் கதை எழுதுவது ஜெராசிக்கு முன்பே இருந்த வழக்கம். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த சி. பி. ஸ்னோ 1934இல் ‘தி சர்ச்’ நாவலை எழுதினார். பின்னர் முழுநேர ஆய்வை விட்டு விலகினார். வானியலாளர் பிரெட் ஹாயில் 1957இல் ‘தி பிளாக் கிளவுட்’ நாவலை வெளியிட்டார். அணுக்கரு இயற்பியலாளர் லியோ சிலார்ட் அறுபது வயதைத் தாண்டிய பின், 1961இல் ‘தி வாய்ஸ் ஆஃப் தி டால்பின்ஸ்’ என்ற கதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவி டூரின் அருகே வண்ணப்பூச்சுத் தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டே எழுதியவர்.

ஹாயிலும் சிலார்டும் உலகின் எதிர்காலத்தைக் கற்பனை செய்தனர். ஜெராசியின் கண் ஆய்வகத்தின் அன்றாட வாழ்க்கையில் இருந்தது. அந்த வகையில் ஸ்னோதான் அவருக்கு நெருங்கியவர். எனினும் ஸ்னோ இளமையிலேயே ஆய்வகத்தை விட்டு வெளியேறியவர். ஜெராசியோ ஒரு முழு வாழ்நாளை அதற்குள் கழித்துவிட்டு எழுத வந்தவர்.

3. குறிப்பேட்டின் ஒரு பக்கம்

ஜெராசி வியன்னாவில் யூத மருத்துவர்களின் மகனாகப் பிறந்தார். 1938இல் ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போனதும் பல்கேரியா வழியாகத் தப்பி, 1939 இறுதியில் தாயுடன் அமெரிக்கா சென்றார். 1945இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மெக்சிகோவின் சின்டெக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1951 அக்டோபர் 15 அன்று நோரெதிஸ்டெரோன் தயாரிப்பின் கடைசிப் படியை முடித்தவர் லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற 26 வயது மாணவர். அந்த நாளின் வேலை பதிவாகியிருப்பதும் அவருடைய ஆய்வகக் குறிப்பேட்டில்தான். காப்புரிமையில் ஜெராசி, மிராமோன்டெஸ், ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் ஆகிய மூவரின் பெயர்களும் உள்ளன. ஆனால் 1960இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் இருந்தது, சியர்ல் நிறுவனத்தின் பிராங்க் கோல்டன் உருவாக்கிய வேறொரு சேர்மம். யார் முந்தியவர், யாருக்கு எவ்வளவு பெருமை என்ற வழக்கு பல பத்தாண்டுகள் ஓயவில்லை.

இந்தக் கேள்விகள் எதற்கும் வேதியியல் கட்டுரையில் இடம் கிடையாது. கலவை சூடேற்றப்பட்டது, படிகங்கள் வடிகட்டப்பட்டன, உருகுநிலை அளக்கப்பட்டது என்று அது செயப்பாட்டு வினையிலேயே நகரும். சூடேற்றிய கை யாருடையது, அன்றிரவு எந்தப் போட்டியாளரை நினைத்து அவர் உறக்கமிழந்தார், நெறியாளர் அவரை எவ்வளவு நம்பினார் என்பவை அச்சில் ஏறுவதில்லை. அறிவியல் முடிவுகளைச் சரிபார்க்க இந்த மௌனம் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவியலாளரின் வாழ்வில் பாதி அதனால் பதிவின்றியே போய்விடுகிறது.

4. திருப்பம்: 1978–1988

ஓவியரான மகள் பமீலா 1978இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் நினைவாக, 1979இல் கலிஃபோர்னியாவின் உட்சைடு பகுதியில் இருந்த தன் நிலத்தில் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் இல்லம் ஒன்றை ஜெராசி நிறுவினார். கலையைச் சேகரிப்பவராக மட்டும் இருந்த அவர், கலை உருவாகும் இடத்துக்கு அருகே வந்தது இப்போதுதான்.

1983இல், அவர் காதலித்துவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் டயன் மிடில்புரூக் அவரைப் பிரிந்தார். அந்தக் கோபமும் துயரமும் முதலில் கவிதையாகவும் பின்னர் பழிவாங்கும் நாவலாகவும் கொட்டின. இருவரும் மீண்டும் இணைந்து 1985இல் மணந்துகொண்டனர். அந்த நாவலை வெளியிட வேண்டாம் என்ற டயனின் கருத்தை ஜெராசி ஏற்றார். அதே ஆண்டில் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இனி எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வி எழுந்தபோது, அந்த ஆண்டுகளை எப்படிச் செலவிடுவது என்ற முடிவும் பிறந்தது. 1988இல் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது.

காதல், நோய், மகளின் இழப்பு ஆகியவை அவரை எழுத வைத்தன என்று வாழ்க்கை வரலாற்று நோக்கில் சொல்லலாம். ஆனால் அவை பேனாவை எடுக்கவைத்த காரணங்களே. எதை எழுதினார் என்பதற்கு விடை ஆய்வகத்தில் இருக்கிறது. சொந்தத் துயரிலிருந்து பிறந்த நாவல் வெளிவராமல் நின்றது. ஆய்வக அனுபவத்திலிருந்து பிறந்த நாவல் நிலைத்தது.

5. ‘கேன்டர்ஸ் டைலமா’வும் தொடர் நாவல்களும்

1989இல் வெளியான ‘கேன்டர்ஸ் டைலமா’ நாவலின் மையம் நெறியாளருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு. புற்றுநோய் எப்படித் தோன்றுகிறது என்பதற்குப் பேராசிரியர் ஐசிடோர் கேன்டர் ஒரு கோட்பாடு அமைக்கிறார். அதை மெய்ப்பிக்கும் சோதனையைச் செய்பவர் அவருடைய இளம் ஆய்வாளர் ஜெரமையா ஸ்டாஃபோர்ட். ஹார்வர்டில் உள்ள போட்டியாளரான கிராஸின் ஆய்வகத்தில் அதே சோதனை பலிக்கவில்லை. இதற்கிடையே, ஸ்டாஃபோர்ட் ஆய்வகத்தில் இருந்த ஒரு நேரத்தைப் பற்றி ஐயம் எழுப்பும் மொட்டைக் கடிதம் ஒன்று கேன்டரின் கைக்கு வருகிறது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சோதனையை வெளிப்படையாக மறுபரிசீலனை செய்வதற்குப் பதில், கோட்பாட்டை உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனை ஒன்றைத் தானே தனியாகச் செய்கிறார். நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்தே வருகிறது.

நாவலின் வலிமை மோசடி நடந்ததா என்ற துப்பறிதலில் இல்லை. ஐயம் நுழைந்தபின் கேன்டர் காக்கும் மௌனத்தில் இருக்கிறது. தலைவரின் எண்ணத்துக்கு இளையவரின் கை வடிவம் தருகிறது. அந்தக் கையைத் தலைவர் நம்பித்தான் ஆக வேண்டும். 1951இன் குறிப்பேட்டுப் பக்கத்தில் மாணவரின் கையெழுத்து இருந்ததை நினைவில் வைத்துப் படிக்கும்போது, ஜெராசி தன் தொழிலின் நரம்பையே தொட்டிருக்கிறார் என்பது விளங்கும்.

நடந்த அல்லது நடக்கக்கூடிய அறிவியலை மட்டுமே கதையில் வைப்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. இதனால் தன் எழுத்தை அறிவியல் புனைகதையிலிருந்து பிரித்தே அடையாளப்படுத்தினார். 1994இல் வந்த ‘தி போர்பாக்கி கேம்பிட்’ முதுமையை நேராகப் பேசுகிறது. ஓய்வுக்குத் தள்ளப்பட்ட விஞ்ஞானிகள் சிலர் ஒரு கற்பனைப் பெயரில் கூட்டாக ஆய்வு வெளியிடத் தீர்மானிக்கிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு கைகூடியதும், பெயருக்கான தாகம் அந்தக் கூட்டணியைச் சோதிக்கிறது. ‘மெனகெம்ஸ் சீட்’ (1997) செயற்கைக் கருவூட்டலையும், ‘நோ’ (1998) நைட்ரிக் ஆக்சைடு ஆய்வையும் எடுத்துக்கொள்கின்றன. பின்னதன் முதன்மைப் பாத்திரமான ரேணு கிருஷ்ணன் ஓர் இந்தியப் பெண் விஞ்ஞானி.

6. மேடைக்கு நகர்வு

அறிவியல் எழுத்தில் உரையாடலே இல்லை என்பது ஜெராசி மீண்டும் மீண்டும் சொன்ன குறை. நாடகம் முழுவதும் உரையாடல் என்பதால் 1998 முதல் அவர் கவனம் மேடைக்குத் திரும்பியது. வேதியியல் நோபல் பெற்ற ரோல்ட் ஹாஃப்மனுடன் இணைந்து எழுதிய ‘ஆக்சிஜன்’ 2001இல் அரங்கேறியது. நோபல் பரிசு தோன்றுவதற்கு முந்தைய கண்டுபிடிப்புகளுக்கும் பரிசளிப்பது என்று ஒரு குழு கூடுகிறது. ஆக்சிஜனுக்கான பரிசு ஷீலேவுக்கா, பிரீஸ்ட்லிக்கா, லாவாய்சியருக்கா என்பது வழக்கு. முதலில் பிரித்தெடுத்தவரா, முதலில் அச்சிட்டவரா, முதலில் பொருள் புரிந்துகொண்டவரா கண்டுபிடிப்பாளர்? 1777இன் ஸ்டாக்ஹோம் நீராவிக் குளியலறையில் மூன்று விஞ்ஞானிகளின் வாழ்க்கைத் துணைவியரும் சந்தித்துப் பேசும்போது, அந்த விஞ்ஞானிகளின் கட்டுரைகள் மறைத்தவை வெளிவருகின்றன.

7. மதிப்பீடும் முடிவும்

ஜெராசியின் எழுத்தில் குறை உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துகிறார்கள். வாசகருக்கு அறிவியலைக் கற்றுத்தர வேண்டும் என்ற வேட்கை கதையை முந்துகிறது. நெடுங்காலப் பேராசிரியப் பழக்கம் அது. பிந்தித் தொடங்கியதற்கு அவர் கொடுத்த விலை என்றும் கொள்ளலாம்.

பிந்தித் தொடங்கியதன் பயனோ அதைவிடப் பெரிது. கட்டுரையில் பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதற்காக ஒரு நட்பு முறியும் என்பதும், மாணவரின் ஒரு சோதனையில் நெறியாளரின் வாழ்நாள் மதிப்பே தொங்கும் என்பதும் உள்ளே வாழ்ந்தவருக்கே தெரியும். பரிந்துரைக் கடிதத்துக்கும் நிதிக்கும் காத்திருக்கும் இளம் ஆய்வாளர் அதை எழுதத் துணியமாட்டார். அறிவும் துணிவும் ஒருங்கே வாய்ப்பது பெரும்பாலும் பணிக்காலத்தின் மறுகரையில்தான். அறிவியலாளர்கள் முதுமையில் எழுதும் கதைகளை அவர்களின் ஆய்வுப் பணிக்கு ஒட்டாத பின்னிணைப்பாகக் கருதாமல், அறிவியல் வரலாற்றுக்கான சான்றாகவே படிக்க வேண்டும். ஆய்வு நெறிமுறை கற்பிக்கும் வகுப்பறைகளிலும் அவற்றுக்கு இடம் தர வேண்டும்.