இப்போலிட் பயார்

இப்போலிட் பயார் (20 சனவரி 1801 – 14 மே 1887) ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான பிரெஞ்சுக்காரர் ஆவார். நிதி அமைச்சில் அலுவலராகப் பணியாற்றியவாறே, தாளில் நேரடியாக நேர்ப்படம் பெறும் முறையை 1839 இல் உருவாக்கினார். வெள்ளி உப்பு ஏற்றிய தாளை ஒளியில் கறுக்கச் செய்து, பொட்டாசியம் அயோடைடுக் கரைசலில் நனைத்துப் படப்பெட்டியினுள் வைப்பார்; ஒளி பட்ட இடங்கள் வெளுத்துப் படம் தோன்றும்.

அவ்வாண்டு சூன் 24 அன்று பாரிசில் தமது 30 படங்களைக் காட்சிக்கு வைத்தார். உலகின் முதல் ஒளிப்படக் கண்காட்சி இதுவே எனக் கருதப்படுகிறது. ஆயினும், டாகுவேரை ஆதரித்த அறிவியலாளர் அராகோவின் சொற்கேட்டுத் தமது முறையை வெளியிடாது தாமதித்தார். டாகுவேருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் கிடைத்தது. பயாருக்குக் கருவிகள் வாங்க 600 பிராங்குகளே கிடைத்தன.

மனம் நொந்த பயார், 1840 இல் நீரில் மூழ்கி இறந்தவர்போல் அமர்ந்து தம்மையே படம்பிடித்து, அதன் பின்புறத்தில் தமது குறையை எழுதினார். அதன் பின்னரும் 46 ஆண்டுகள் வாழ்ந்தார். 1851 இல் தொன்மையான கட்டடங்களைப் படம்பிடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் அவரும் ஒருவர்.