மூலமும் உரையும்: கென்சிங்டனில் ஒரு உரையாசிரியர்

போன வாரம் பென்டில் ஹில் ஸ்டேஷன் பக்கத்தில் மளிகை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, ஊரிலிருந்து புதுசாகப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருத்தன் கேட்டான். "அண்ணா, லினக்ஸ் பண்றவங்களோட சேர்ந்து ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்கு. ஆனா எனக்கு அந்த அளவுக்கு நிரல் எழுத வராதே, சேத்துப்பாங்களா?"

"எழுத வரணும்னு யார் சொன்னா? முதல்ல படிக்க வந்தா போதும்" என்றேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல.

ஆறுதல் இல்லை மக்களே, வரலாறு. அதுவும் நடந்த இடம் ரொம்ப தூரமில்லை. பென்டில் ஹில்லில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி லைட் ரயில் பிடித்தால் கென்சிங்டன். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். அங்கே 1972-ல் வேலைக்குச் சேர்ந்த ஜான் லயன்ஸ் என்ற வாத்தியாரின் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் முன்கதை. யூனிக்ஸ் பிறந்தது அமெரிக்காவில், ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில். அது டெலிபோன் கம்பெனி. 1956-ல் அந்த ஊர் அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி, டெலிபோன் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது. அதனால் யூனிக்ஸை ஒரு சரக்காக விற்க முடியாத நிலை. பல்கலைக்கழகங்கள் கேட்டால் சொற்பக் காசுக்கு மூலநிரலோடு நாடாவில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்கப்புறம் உதவி எதுவும் கிடையாது. ஓடலையா? நீயே திறந்து பார்த்துச் சரிபண்ணிக்கோ!

இந்தக் கைவிரிப்புதான் பெரிய நன்மையாகப் போச்சு. வாங்கினவர்கள் ஒருத்தரையொருத்தர் கேட்டுத்தான் பிழைக்க வேண்டியிருந்தது. கூட்டம் சேர்ந்தது அப்படித்தான்.

1974 ஜூலையில் டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் யூனிக்ஸ் பற்றி எழுதிய கட்டுரை வந்தது. கென்சிங்டனில் அதைப் படித்த கென் ராபின்சன் என்ற விரிவுரையாளர், ஒரு பிரதி வேண்டும் என்று ரிட்சிக்குக் கடிதம் போட்டார். ஆஸ்திரேலியாவில் யூனிக்ஸ் முதலில் வந்து இறங்கியது அங்கேதான்.

லயன்ஸ் அந்த மூலநிரலைப் படித்துப் பார்த்தார். கர்னல் மொத்தமே சுமார் 9,000 வரிகள். ஒரு ஆள் உட்கார்ந்து முழுசாகப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய அளவு. அப்போதெல்லாம் (இப்போதும்தான்!) வகுப்பில் மாணவர்கள் எழுதுவது இருபது முப்பது வரிப் பயிற்சி நிரல்கள். நன்றாக எழுதப்பட்ட ஒரு பெரிய நிரலை முதலிலிருந்து கடைசிவரை யாரும் படித்ததே இல்லை. கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம், ஆனால் ஒரு கவிதையைக்கூடப் படிக்கக் கொடுத்ததில்லை என்கிற மாதிரி.

அதனால் 1976-77-ல் அவர் ஒரு காரியம் செய்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கர்னல் மூலத்தை ஒழுங்குபடுத்தி, வரிக்கு வரி எண் போட்டு ஒரு புத்தகம். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கி இன்னொரு புத்தகம்.

நமக்கு இது பழக்கமான வடிவம் இல்லையா? மூலமும் உரையும்! 1887-ல் உ.வே.சா. அச்சேற்றிய சீவக சிந்தாமணி, மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் சேர்ந்துதானே வந்தது. 'சோர்ஸ் கோடு' என்பதற்குத் தமிழில் 'மூலநிரல்' என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ, ரொம்பச் சரியாக வைத்திருக்கிறார். லயன்ஸ் செய்தது உரையாசிரியர் வேலை.

உரை என்றால் துதிபாடல் என்று நினைக்காதீர்கள். சிக்கலான இடத்தைச் சிக்கல் என்றே சொல்கிறவர் அவர். மூலத்தில் 2238-ஆம் வரியில், யூனிக்ஸ் எழுதினவர்களே ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள்: இது உனக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்கிற அர்த்தத்தில். உலகம் முழுக்க நிரலாளர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற வரி. பிற்காலத்தில் ரிட்சி அதற்கு விளக்கம் கொடுத்தார். "இது பரீட்சைக்கு வராது" என்கிற தொனியில்தான் எழுதினார்களாம். கூடவே, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டார். மனுஷன்!

மூலம் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம். சிட்னிக்குத் தெற்கே வுல்லன்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவர், 1977-ல் யூனிக்ஸை இண்டர்டேட்டா என்ற வேறு ரக இயந்திரத்துக்கு மாற்றி ஓட வைத்தார். அதுவரை பிடிபி வரிசை இயந்திரங்களில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த சமாச்சாரம் அது. யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. படித்தார்கள், செய்தார்கள்.

அப்புறம் வந்தது வினை. 1979-ல் ஏழாம் பதிப்பு வெளியானபோது ஏ.டி. அண்ட் டி. உரிமத்தை மாற்றியது. மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது! லயன்ஸின் உரையும் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. மாணவர்களுக்காக எழுதின புத்தகத்தை மாணவர்களுக்குக் காட்டக் கூடாது.

நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஜெராக்ஸ்தான். நகலின் நகலின் நகல் என்று, எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, நாடு நாடாகப் போனது. அடுத்த பதினேழு வருஷம் ஒரு தலைமுறையே யூனிக்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இப்படித் திருட்டுத்தனமாகத்தான் படித்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி சீனியர் நோட்ஸை நகலெடுத்துப் படித்த நமக்கெல்லாம் இது புரியும் :-)

தடையின் இன்னொரு விளைவு இன்னும் பெரியது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியருக்கும் இதே தலைவலி. யூனிக்ஸை வைத்துப் பாடம் நடத்த முடியாது என்றானதும், அதே மாதிரி ஒன்றைத் தானே எழுதி, மூலத்தையும் சேர்த்து 1987-ல் புத்தகமாகப் போட்டுவிட்டார். அதுதான் மினிக்ஸ். அதைப் படித்த ஹெல்சிங்கி மாணவர் ஒருவர் 1991 ஆகஸ்ட் 25 அன்று, நானும் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ். 1992-ல் லினக்ஸ் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறியது. இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்காதே என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

லயன்ஸ் செய்தது திறந்த மூலம் என்று சொல்ல வரவில்லை. அவர் காலத்தில் உரிமம் இல்லாமல் எதுவும் கிடையாது. ஆனால் படிக்கும் உரிமை கொஞ்ச நாள் இருந்து பறிபோனதால்தான், அது எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் உறைத்தது. உரிமப் பத்திரத்தில் ஜி.பி.எல். அதை எழுதிவைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, ஜெராக்ஸ் எடுத்தவர்கள் மனசில் எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

1996-ல்தான் அந்த உரை முறைப்படி அச்சில் வந்தது. லயன்ஸ் உடல்நிலை காரணமாக 1995-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். தன் புத்தகம் கடைக்கு வந்ததை அவர் பார்த்தார் என்பதுதான் ஒரே ஆறுதல். 1998 டிசம்பரில் காலமானார். ஆறாம் பதிப்பின் மூலமே 2002 ஜனவரியில்தான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. (கொசுறு: திறந்துவிட்ட கால்டெரா கம்பெனிதான், பிறகு எஸ்.சி.ஓ. என்று பேரை மாற்றிக்கொண்டு, 2003-ல் லினக்ஸை முன்வைத்து ஐ.பி.எம். மேல் வழக்குப் போட்டது!)

கென்சிங்டனில் கதை முடியவில்லை. பழைய மாணவர்களும் யூனிக்ஸ்காரர்களும் பணம் திரட்ட, லயன்ஸ் பேரில் இயங்குதளத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவி உருவானது. அதில் அமர்ந்த கெர்னாட் ஹைசரின் குழு எஸ்.ஈ.எல்.4 என்ற கர்னலை எழுதியது. எழுதினபடி நடக்கும் என்று 2009-ல் கணித முறையில் நிரூபித்தும் காட்டினார்கள். 2014-ல் மூலத்தைத் திறந்துவிட்டார்கள். நிரூபித்தபோது அதன் சி நிரல் எத்தனை வரி தெரியுமா? சுமார் 8,700. லயன்ஸ் உரை எழுதின மூலத்தின் அளவேதான் கிட்டத்தட்ட!

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். 2000-களின் தொடக்கத்தில் கேடிஇ, க்னோம் திரைகளுக்குத் தமிழ் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மெனு வரிக்குத் தமிழ்ச் சொல் வைக்க வேண்டுமானால், அதை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் வைத்தால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அதுவும் ஒருவகை உரைதான். பிழையைக் கண்டுபிடித்து, எந்த வரியில் என்று எழுதி அனுப்புவதும் அப்படியே. சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கவே வேண்டியதில்லை. படிக்க ஆரம்பித்தவன் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறான்.

வருகிற சனிக்கிழமை அவனும் நானும் லயன்ஸ் உரையை எடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து உட்காருவதாக முடிவு பண்ணியிருக்கிறோம். 2238-ஆம் வரி வந்தால் பார்த்துக்கொள்ளலாம். தோசை அவன் செலவு.