சுவரில்லாத அறைகள்



1990-களில் ஒரு நாள், கரும்பலகையில் உயிரணுவின் படத்தை வரைந்து, "இதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் ஒரு சவ்வு சூழ்ந்து காக்கிறது" என்று கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "உட்கருவினுள்ளே இருக்கும் உட்கருமணிக்குச் சவ்வு இல்லையே, ஐயா! அது கரைந்துபோகாமல் நிற்பது எவ்வாறு?" என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்று சொல்லும் துணிவும் இல்லை. "தேர்வுக்கு வராத வினா, உட்கார்" என்றேன். அவ்வினாவின் வரலாற்றையே இன்று கூற வந்திருக்கிறேன்.

1899-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்மண்ட் வில்சன், கடலுயிர்களின் முட்டைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உயிரணுவின் உட்பொருள் ஒரே சீரான கூழன்று. வெவ்வேறு தன்மையுள்ள துளிகள் மிதக்கும் நீர்மக் கலவை என்று எழுதினார். பின்னர், 1950-களில் மின்னணு நுண்ணோக்கி சவ்வுகளைத் துலக்கமாகக் காட்டியது. அறிஞர்தம் கருத்தெல்லாம் சுவர்களின்மேல் சென்றது, துளிகள் பின்தள்ளப்பட்டன.

2009-இல் கிளிஃபர்டு பிராங்வின், அந்தோணி ஹைமன் முதலியோர், ஒரு மில்லிமீட்டர் நீளமே வளரும் ஒரு புழுவின் கருவை ஆராய்ந்தனர். அதனுள் பி-மணிகள் என்னும் உருண்டைகள் உள்ளன. அவை புரதமும் ஆர்.என்.ஏ.யும் சேர்ந்தவை. அம்மணிகள் ஒன்றையொன்று தொட்டதும் இணைந்து ஒன்றாயின. உட்கருவின்மேல் வழிந்து சொட்டின. திண்மப் பொருள் இவ்வாறு செய்யுமோ? அவை நீர்மத் துளிகளே! 2011-இல், தவளை முட்டையின் உட்கருமணியும் அவ்வாறே நடந்துகொள்வதைக் கண்டனர்.

ரசத்தின்மேல் மிதக்கும் நெய்த்துளிகளை நினைத்துப் பாருங்கள். நெய்க்கும் நீருக்கும் நடுவே சுவர் ஏது? சில புரதங்களில், ஒருசில அமினோ அமிலங்களே மீண்டும் மீண்டும் வரும் எளிய, தளர்ந்த பகுதிகள் உண்டு. அப்புரதங்களின் செறிவு ஓர் அளவைக் கடந்ததும், அவை மெல்லிய பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றித் துளியாகத் திரளுகின்றன. செறிவு குறைந்தால் மீண்டும் கரைகின்றன. வேண்டும்போது எழுந்து, வேண்டாதபோது மறையும் அறைகள் அவை.

ஆயினும் இதில் ஓர் இடரும் உண்டு. எஃப்.யு.எஸ். என்னும் புரதத்தின் துளிகள் நாளடைவில் இறுகி இழைகளாவதை, 2015-இல் ஹைமன் குழுவினர் சோதனைக்குழாயில் கண்டனர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் ஒரு கொடிய நோயில் காணப்படும் மாற்றம் அப்புரதத்தில் இருந்தால், இறுகுதல் விரைவாக நிகழ்ந்தது. உறைந்த நெய் சூட்டில் உருகிவிடும். இவ்விழைகளோ எளிதில் கரைவதில்லை.

அன்று அம்மாணவி கேட்ட வினாவுக்குத் தெளிவான விடை அப்போது எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை என்பதைப் பணி ஓய்வு பெற்றபின்னரே படித்தறிந்தேன். "தெரியாது, அம்மா, சேர்ந்து தேடுவோம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வில்சன் கண்டதற்கும் பி-மணிகளின் சான்றுக்கும் இடையே 110 ஆண்டுகள் கழிந்தன. மாணவர்களே, உங்கள் ஆசிரியர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். வினாவை மட்டும் உட்கார விடாதீர்கள்.