பின்னதிர்வு என்று நான் சொன்ன பதில்



2005 ஜனவரி கடைசி வாரம். சுனாமி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தமான் பக்கம் மறுபடியும் ஆடுகிறது என்று பேப்பரில் செய்தி. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், எங்க மாமா போர்ட் பிளேயர்ல கொத்து வேலைக்குப் போயிருக்காரு. ஏன் சார் இன்னும் ஆடுது?" என்று கேட்டாள். "பெருசா ஆடினதுக்கு அப்புறம் பின்னதிர்வு வரும்மா, போகப் போகக் குறைஞ்சிடும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். அது பாதி பதில்தான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பின்னதிர்வு என்றால் முதலில் ஒரு பெரிய அடி, பிறகு மெல்ல அடங்கும். அந்த வாரம் நிக்கோபாருக்குக் கிழக்கே கடலடியில் நடந்தது வேறு. தலைமை அதிர்வு என்று ஒன்று இல்லாமல், ஏறக்குறைய ஒரே அளவில் அடுத்தடுத்து வந்தன. சில நாட்களுக்குள் 5 அளவைத் தாண்டியவை மட்டும் 150-க்கு மேல். இதை நிலநடுக்கத் திரள் என்பார்கள். நம்ம பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தால் ஒரு அதிர்வோடு முடிந்துவிடும். உலை கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்குமே, திரள் அந்த மாதிரி. அடியில் பாறைக்குழம்பு பிளவுகளில் ஏறினால் இப்படி ஆடும். குழம்பே இல்லாமல் பிளவுகள் நழுவினாலும் ஆடும். அதனால்தான் எரிமலை என்று உடனே தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. டிசம்பர் 26 நிலநடுக்கம்தான் அந்தப் பகுதியைத் தூண்டிவிட்டது என்று பிறகு ஆய்வாளர்கள் எழுதினார்கள். என் பதிலில் சரியாக இருந்த பாதி அதுதான்.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் அந்தக் கடலில் ஆய்வு செய்து, கிண்ணம் போல் வாய் உள்ள மலைகளை அடியில் கண்டார்கள். பிறகு கடல் தரையிலேயே நிலநடுக்கமானிகளை இறக்கி வைத்தார்கள். 2014 மார்ச் 21, 22-இல் இன்னொரு திரள் அதில் பதிவாயிற்று. பாறைக்குழம்பு மேலேறியதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

"இந்தியாவில் செயல்படும் ஒரே எரிமலை பாரன் தீவு" என்று எத்தனை விடைத்தாளில் மதிப்பெண் போட்டிருப்பேன்! தண்ணீருக்கு மேலே தெரிவதை மட்டும் வைத்துச் சொன்னது அது. அந்தப் பாரன் தீவும் 1832-க்குப் பின் 159 ஆண்டுகள் அடங்கிக் கிடந்து 1991-இல்தான் மறுபடி எழுந்தது.

திரளுக்குப் பின் புது எரிமலையே பிறந்த கதையும் நம் இந்தியப் பெருங்கடலில் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு அருகே மயோட் என்ற பிரெஞ்சுத் தீவு. 2018 மே மாதம் ஆடத் தொடங்கி மாதக்கணக்கில் நிற்கவில்லை. சனங்கள் பயந்து இரவில் வெளியே படுத்தார்கள். தீவே சில சென்டிமீட்டர் தாழ்ந்து கிழக்கே நகர்ந்தது. ஒரு வருடம் கழித்து ஆய்வுக் கப்பல் போய்ப் பார்த்தால், 50 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில், 820 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை! பழைய வரைபடத்தில் அங்கே வெறும் கடல் தரைதான். ஃபானி மவோரே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் மாமா அந்த வருஷம் உகாதிக்கு ஊர் வந்து சேர்ந்துவிட்டார். அம்மா, நீ இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. அந்தமானில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் வேறு யாரும் இருந்தாலும் அந்த ஜனவரியில் அங்கே எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.