வெருளி நின்ற வயல்கள்

ஆள் உயரத்தில் ஒரு பொம்மையைச் செய்வது பெரிய காரியமில்லை. ஒரு பழைய சாரம், ஒரு சேட்டு, இரண்டு தடி, ஒரு சாக்கு வைக்கல் இருந்தால் போதும். அதை வாடைக்காற்றிலும் மழையிலும் சரியாமல் நிமிர்த்தி வைப்பதுதான் வேலை. இலங்கையின் வடக்கே வன்னியில் வயல் வெருளி கட்டிப் பழகியவர்களுக்கு அதன் முகம் இரண்டாம் பட்சம். முதலில் கால் சரியாக இருக்கவேண்டும்.

வன்னியின் பெரும்போகமான காலபோகம் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பது. பயிர் வயலில் நிற்கும் மாதங்களும் வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களும் ஒன்றே. வெருளிக்கு இதைவிட மோசமான பருவம் கிடையாது. காய்ந்த வைக்கல் அடைத்த உடம்பு ஒரே இரவில் நீரைக் குடித்துக் கனத்துவிடும். பாரம் முழுவதும் நெஞ்சிலும் தோளிலும் இருக்கும், அடியில் சேறு. இரண்டு நாள் காற்று அடித்தால் வெருளி குப்புற விழுந்து, தான் காக்கவேண்டிய கதிரையே நசுக்கிவிடும்.

ஆகவே கைதேர்ந்தவர்கள் வயலின் நடுவே வெருளியை நடுவதில்லை. வரம்போரம், அல்லது மேட்டுத் துண்டில், அலவாங்கால் முழங்கால் ஆழத்துக்குக் குழி போட்டு, தடியை இறக்கிக் கல்லும் களியும் இட்டு இடித்து இறுக்குவார்கள். தடி பாலையாகவோ வீரையாகவோ இருந்தால் நல்லது, இரண்டும் வன்னிக் காட்டின் வைரமான மரங்கள். மண்ணுக்குள் போகும் நுனியை நெருப்பில் வாட்டிக் கருக்கினால் கறையான் எளிதில் அண்டாது. ஒற்றைத் தடி காற்றில் சுழலும் என்பதால் சாரத்துக்குள் மறைவாக இரண்டு முண்டுக்கால் சாய்த்துக் கட்டுவதும் உண்டு. சாரம் உடுத்திய வெருளிக்கு இது பெரிய வசதி. களிசான் போட்ட வெருளிக்கு அந்த மறைப்புக் கிடையாது.

வைக்கலை நெஞ்சில் மட்டும் அடைப்பார்கள். கைகளை வெறுமையாக விட்டால் காற்று சேட்டுக் கைக்குள் புகுந்து வெளியேறும். அதனால் தடிக்குப் பாரம் குறையும், கையும் ஆடும். தலைக்குச் சட்டி. அதைத் தடியில் கவிழ்த்து, கரி பூசி, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வைப்பார்கள். இறுக்கிக் கட்டாத சட்டி காற்றுக்குச் சற்றே திரும்பும். தலை திரும்பும் பொம்மையைக் குருவி சீக்கிரம் நம்பாது. அவசரத்தில் பூவரசங் கதியாலையோ கிளுவங் கதியாலையோ வெட்டி நட்டவருக்கு வேறொரு வேடிக்கை காத்திருக்கும். மழைக்குள் அது வேர்விட்டு, வெருளியின் கழுத்தடியில் தளிர் தள்ளும்.

இந்தக் கலையைத் தனித்து எழுதி வைத்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பயிர்காவல் தமிழில் மிகப் பழைய பொருள். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்துப் பரணில் இருந்து கிளி விரட்டும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்ற ஒலிக்கருவிகளைக் கையில் வைத்திருக்கிறார்கள். அங்கே காவல் காப்பது உயிருள்ள ஆள், ஓட்டுவது ஓசை. வன்னியிலும் மரபு அதுவே. பரண், காவற்கொட்டில், தீப்பந்தம், கூக்குரல், தகரம் தட்டுதல் ஆகியவற்றுக்குப் பக்கத்தில்தான் வெருளிக்கு இடம். இப்பகுதியில் வழங்கும் பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்ற நாட்டார் பாடல்கள் பன்றிக்கும் குருவிக்கும் தனித்தனியே பாட்டுக் கட்டுமளவுக்கு அந்தத் தொல்லை பெரிது என்பதைக் காட்டுகின்றன.

வன்னிக்கு ஏன் பொம்மைக் காவலாள் தேவைப்பட்டான்? ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று படுகிறது. 1803 ஒக்ரோபர் 31 அன்று கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் என்ற சிற்றரசன் ஆங்கிலேயரிடம் தோற்றதோடு வன்னிமைகள் எனப்பட்ட சிற்றரசுகளின் கதை ஏறத்தாழ முடிந்தது. அந்த நூற்றாண்டு முழுவதும் இது உடைந்த குளங்களும் மலேரியாக் காய்ச்சலும் நிறைந்த, ஆள் அரிதான நாடு. 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். அவர் கண்ட வன்னி, காட்டுக்கு நடுவே குளத்தை ஒட்டி ஒட்டிக் கிடந்த சிற்றூர்களின் வன்னி. சில குடும்பங்கள் மட்டும் உள்ள ஊரில், நான்கு பக்கமும் காடு சூழ்ந்த வயலுக்குப் பகலில் குருவி, இரவில் பன்றி, எப்போதாவது யானை என்று மூன்று முறை காவல் வேண்டும். இரவுக் காவலாள் பகலில் தூங்கவேண்டாமா? அந்தப் பகல் முறையைத்தான் வெருளி ஏற்றது.

20 ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1902 இல் வேலை தொடங்கிய இரணைமடுக் குளம் கிளிநொச்சியின் தரைகளை வயலாக்கியது. 1936 இல் யாழ்ப்பாணத்தின் சன நெருக்கடியைக் குறைக்கக் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தது. 1950 களில் வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டது. 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பின் மலையகத் தமிழர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறினர். புதிதாகக் காடு வெட்டிய காணி எல்லாம் காட்டு விளிம்புக் காணி. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கும் இந்த அளவு வனவிலங்கோடு மல்லுக்கட்டிய அனுபவம் குறைவு. பழைய வன்னிக் குடிகளின் காவல் முறைகளை அவர்கள் பழகவேண்டி வந்தது.

வெருளியால் எது முடியும், எது முடியாது என்பதில் இந்தப் பழைய குடிகளுக்கு மயக்கம் இருக்கவில்லை. விதைத்த நெல்லைப் பொறுக்கும் புறாவும், பால் பிடிக்கும் பருவத்தில் கூட்டமாக இறங்கும் குருவியும் அதற்கு அஞ்சும். அதுவும் சில நாளைக்குத்தான். அசையாத உருவத்தில் ஆபத்தில்லை என்று பறவை விரைவில் கற்றுக்கொள்ளும். ஆகையால் இடத்தை மாற்றவேண்டும், சேட்டை மாற்றவேண்டும், இடையிடையே வெருளிக்குப் பக்கத்தில் உண்மையான ஆளும் நின்று கல்லெறியவேண்டும். அப்போதுதான் பறவைக்கு எது ஆள், எது பொம்மை என்ற சந்தேகம் நீடிக்கும். பன்றி கண்ணைவிட மூக்கை நம்பும் பிராணி. அதற்காக வியர்வை மணம் போகாத, கழுவாத உடுப்பையே வெருளிக்கு மாட்டுவார்கள். யானையின் விடயத்தில் பேச்சே இல்லை.

உலகெங்கும் இந்தப் பொம்மைக்குப் பெருமை உண்டு. கி.பி. 712 இல் தொகுக்கப்பட்ட ஜப்பானின் கொஜிக்கியில் குயேபிக்கோ என்ற வெருளித் தெய்வம் வருகிறது. அதனால் நடக்க முடியாது, ஆனால் உலகில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதே நாட்டின் சிக்கோக்குத் தீவில் நாகோரோ என்ற மலைக்கிராமத்தில் ஆட்கள் செத்தும் வெளியேறியும் குறைந்துபோக, சுக்கிமி அயானோ என்ற பெண்மணி ஆளளவுப் பொம்மைகளைச் செய்து வயலிலும் பேருந்துத் தரிப்பிலும் பள்ளிக்கூடத்திலும் வைத்தார். இப்போது அங்கே மனிதரைவிடப் பொம்மைகள் அதிகம்.

வன்னியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆட்கள் போனால் வெருளியும் நிலைக்காது. தடியை இறுக்கவும் நனைந்த வைக்கலை மாற்றவும் ஆளில்லாவிட்டால் ஒரு மழைக்குள் அது மண்ணோடு மண். உள்நாட்டுப் போரில், 1996 இல் இராணுவம் கிளிநொச்சியைப் புலிகளிடமிருந்து பிடித்தபோதும், 1997 இல் ஏ9 வீதியைக் கைப்பற்ற அதன் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோதும் வயல்கள் இப்படித்தான் கைவிடப்பட்டன. 2008 இறுதியில் நிலைமை இன்னும் கொடூரம். ஷெல்லடிக்கு நடுவே சனம் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. நவம்பரில் நிஷா புயல் வெள்ளமும் சேர்ந்தது. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி மீண்டும் இராணுவத்திடம் வீழ்ந்தபோது காலபோகம் அறுப்புக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்துக்குக் காவலுமில்லை, அறுவடையுமில்லை.

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அதற்குள் கட்டம் கட்டமாக ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு தடியை நடுவதும் யோசிக்கவேண்டிய காரியமாகிவிட்டது. அலவாங்கைக் குத்தும் இடத்தில் மிதிவெடி இருக்கலாம். பச்சிலைப்பள்ளியில் முகமாலைப் பகுதி 2000 முதல் 2008 வரை போர் முன்னரங்காக இருந்த இடம். நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர் முழங்காலில் இருந்து, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. துப்புரவு வேலை அதற்குப் பிறகும் நீண்டது. வெருளிக் குழிக்கும் வேலிக் குழிக்கும் இடம் பார்ப்பதில் முன்னர் மண்ணின் இறுக்கம்தான் கணக்கு. இப்போது சிவப்பு மண்டையோட்டுப் பலகை எங்கே முடிகிறது என்பதும் கணக்கில் சேர்ந்தது.

மீள்குடியேற்றத்தின்போது வெருளிக்கு வீட்டு வாசலிலும் வேலை கிடைத்தது. இந்திய அரசின் உதவியில் வீட்டுத்திட்ட வீடுகள் எழுந்த காலத்தில், அரைகுறைச் சுவர்களின் முன்னால் கண்ணூறு கழிக்கும் வெருளிகள் தொங்கின, சில கதிரையில் குந்தியிருந்தன. சிங்கள ஊர்களில் பம்பயா எனப்படுவதும் இதே வேலையைச் செய்கிறது. வயல்காரர் பார்வையில் இது சொகுசு உத்தியோகம்.

வயலில் வெருளியின் செல்வாக்குச் சரிந்துவிட்டது. அறுவடை இயந்திரம் வந்தபின் நீளமான வைக்கல் எளிதில் கிடைப்பதில்லை, பொலித்தீன் பையைத் திணிக்கிறார்கள். அது நனைந்து கனக்காது என்பது உண்மைதான், ஆனால் காற்றுக்குப் பறந்துவிடும். பழைய குறுந்தட்டுகளும் ஒலிநாடாவும் வரம்பில் மினுங்குகின்றன. மயிலும் குரங்கும் எதையும் பொருட்படுத்துவதில்லை. பயிர்ச் சேதம் பற்றிய முறைப்பாடுகள் பெருகியதால் அரசு 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, ஐந்து நிமிடத்துக்குள், நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. குரங்கு, மந்தி, மலை அணில், மயில் ஆகியவற்றைத் தங்கள் காணிக்குள் கண்டபடி எண்ணி எழுதும்படி மக்களிடம் படிவம் கொடுக்கப்பட்டது. ஐந்து நிமிடத்தில் என்ன எண்ண முடியும் என்று கேலி பேசியவர்களும் உண்டு.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோர வயல்களில் கதிர் முற்றும் நாளில் இன்றும் காவற்கொட்டிலில் ஆள் படுக்கிறது. கையில் டோர்ச், பக்கத்தில் வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி, நேரம் போக்கத் தொலைபேசி. பகலில் அந்த ஆள் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளும்போது வரம்பில் வெருளிக்கு முறை வருகிறது. போகுமுன் தடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, இளகியிருந்தால் குதிக்காலால் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டுப் போவார்கள்.